பார்டோஷ் குரெக்: 2014இல் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டவர் 2018இல் உலகின் சிறந்த வீரர் ஆனது எப்படி?

கேட்கப்பட்டது மூன்று விஷயங்கள். சொந்த நாட்டில் நடந்த 2014 உலக சாம்பியன்ஷிப்புக்குத் தேர்வாகாத ஒரு போலந்து வாலிபால் வீரர், அடுத்த உலக சாம்பியன்ஷிப்பிலேயே தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியது எப்படி? போலந்தின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர் இவர்தானா? அவருடைய ஆட்டத்தை இதுவரை பார்க்காதவர்கள் எங்கே தொடங்கலாம்?

முதல் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரெக் சில விஷயங்களை விட்டுக்கொடுத்தார். எதிரணியின் சர்வீஸை வாங்கும் பொறுப்பை, அதாவது ரிசீவை, விட்டார், ஒரு பெரிய ஒப்பந்தத்தை விட்டார், பிறகு ஐரோப்பாவின் பெரிய லீக்குகளையே விட்டார். ஒவ்வொன்றையும் விட்ட பிறகுதான் அவருடைய ஆட்டம் நிமிர்ந்தது. கடுமையாக உழைத்தார், அதனால் மீண்டு வந்தார் என்று முடித்துக்கொள்வது சுலபம். அந்த மட்டத்தில் ஆடுகிற எல்லோரும்தான் கடுமையாக உழைக்கிறார்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1988 ஆகஸ்ட் 29 அன்று, தென்மேற்குப் போலந்தில் வாவ்ப்ஷிக் என்ற சுரங்க நகரத்தில் பிறந்தார். அப்பா ஆடம் குரெக்கும் தொழில்முறை வாலிபால் ஆடியவர். நிசா என்ற சிறு நகரத்தின் கிளப்பில் ஆட ஆரம்பித்து, பதினேழு வயதில் கெஞ்ஜெஷின்-கோஷ்லே கிளப்புக்குப் போனார். இப்போது ஸாக்சா என்ற பெயரில் உலகமே அறிந்த கிளப் அது. உயரம் 205 சென்டிமீட்டர். அந்த உயரத்தில், அந்த வயதில், பந்தை ரிசீவும் செய்து ஸ்மாஷும் அடிக்கிற பையன் கிடைப்பது அபூர்வம். 2007இல் தேசிய அணிக்குள் வந்துவிட்டார். 2008இல் பெவ்ஹாதூஃப் நகரத்தின் ஸ்க்ரா கிளப் அவரை எடுத்துக்கொண்டது.

இந்த ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போலந்து வாலிபால் எப்படி ஓடுகிறது என்பது அதில்தான் புரியும். பெவ்ஹாதூஃப், கெஞ்ஜெஷின்-கோஷ்லே இரண்டுமே சிறு தொழில் நகரங்கள். பெவ்ஹாதூஃபில் பழுப்பு நிலக்கரியை எரித்து ஓடும் பிரம்மாண்டமான அனல்மின் நிலையம் இருக்கிறது. ஸ்க்ராவின் பெயருக்கு முன்னால் அந்த மின்சார நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கெஞ்ஜெஷினில் உரத் தொழிற்சாலை. ஸாக்சாவுக்குப் பணம் அங்கிருந்து வந்தது. இன்னொரு பெரிய கிளப்பான யாஸ்ட்ஷெம்ப்ஸ்கி வெங்கெலின் பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது; வெங்கெல் என்றால் நிலக்கரி. பெரிய நகரங்களில் கால்பந்து கோலோச்ச, இந்தத் தொழிற்சாலை ஊர்களில் உள்ளூர் ஆலையின் பணத்தில் வாலிபால் வளர்ந்தது. குளிர்கால மாலை, உள்ளரங்கம், ஊரே திரண்டு வரும் கூட்டம். அந்த அடித்தளம் இல்லாமல் குரெக் மாதிரியான ஒருவர் பதினாறு, பதினேழு வயதிலேயே இதை முழுநேரத் தொழிலாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

ஸ்க்ராவில் ஆடிய நான்கு சீசன்களில் 2009, 2010, 2011 என மூன்று முறை போலந்து சாம்பியன். 2009, 2010 கிளப் உலக சாம்பியன்ஷிப்புகள் இரண்டிலும் இறுதி வரை போய், இரண்டு முறையும் இத்தாலியின் டிரென்டினோவிடம் தோல்வி. 2012இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி பக்கத்து ஊரான வூச் நகரில், சொந்த ரசிகர்கள் முன்னால் நடந்தது. ஐந்தாவது செட் வரை இழுத்துக்கொண்டு போய் ரஷ்யாவின் ஸெனித் கசானிடம் கோப்பையை விட்டார்கள்.

தேசிய அணியில் 2009இலேயே ஒரு பெரிய பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்ஷிப் துருக்கியில் நடந்தது. மரியுஷ் வ்லாஸ்வி, மிஹாவ் வின்யார்ஸ்கி போன்ற பெரிய பெயர்கள் இல்லாமல் போன அணி. அர்ஜென்டினாக்காரரான டேனியல் காஸ்தெயானிதான் பயிற்சியாளர். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்த அணி இறுதியில் பிரான்ஸை 3-1 என்று வீழ்த்தி, போலந்துக்கு முதல் ஐரோப்பிய ஆண்கள் பட்டத்தைக் கொண்டுவந்தது. குரெக்குக்கு அப்போதுதான் 21 வயது நிறைந்திருந்தது.

2012 ஜூலையில் சோபியாவில் நடந்த உலக லீக் இறுதிச் சுற்றில் போலந்து முதன்முறையாக அந்தக் கோப்பையை வென்றது; சிறந்த வீரர் குரெக். 23 வயதில் உலகத்தின் உச்சி. அடுத்த சில வாரங்களில் லண்டன் ஒலிம்பிக்ஸ். போலந்துதான் தங்கம் வெல்லும் என்று பேசாதவர்கள் இல்லை. குழுச் சுற்றில் பல்கேரியாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, காலிறுதியில் ரஷ்யாவிடம் 0-3 என்று நொறுங்கினார்கள். அந்த ரஷ்யாதான் பிறகு தங்கம் வென்றது என்றாலும், போலந்தில் அந்தக் காயம் ஆற நெடுநாள் ஆயிற்று. 2004, 2008, 2012, 2016, 2021இல் நடந்த டோக்கியோ என ஐந்து ஒலிம்பிக்ஸில் தொடர்ந்து காலிறுதியிலேயே போலந்து ஆண்கள் அணி வெளியேறியது. அதில் மூன்று முறை குரெக் களத்தில் இருந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் காலிறுதிகளைத் தாண்டிப் போக முடியாது.

லண்டனுக்குப் பிறகு மாஸ்கோவின் டைனமோவில் ஒரு சீசன், பிறகு இத்தாலியின் மாச்செராதாவில் இரண்டு. 2014இல் அங்கே லீக் பட்டமும் கிடைத்தது. ஆனால் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது. ரிசீவில் அவர் திணறினார்.

இங்கே கொஞ்சம் ஆட்ட நுணுக்கம் பேசித்தான் ஆக வேண்டும். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. குரெக் அப்போது அட்டாக்கர். அதாவது வலைக்கு இடப்பக்கத்திலிருந்து அடிப்பவர். இந்த இடத்தில் ஆடுகிறவருக்கு இரண்டு வேலை. எதிரணி சர்வீஸ் போடும்போது, தற்காப்புக்கென்றே இருக்கும் லிபரோவோடும் இன்னொரு அட்டாக்கரோடும் சேர்ந்து பந்தை வாங்க வேண்டும். வாங்கிய கையோடு ஓடிப்போய் எழும்பி அடிக்கவும் வேண்டும். இந்த மட்டத்தில் ஜம்ப் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி வரும். அப்படி வருகிற பந்துக்கு, 205 சென்டிமீட்டர் உடம்பை மடக்கித் தாழ்ந்து, இரண்டு முன்கைகளைச் சேர்த்து, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் நிற்கும் இடத்துக்குப் பக்குவமாக அனுப்ப வேண்டும். ஒரு சர்வீஸைத் தவறவிட்டால் எதிரணி அடுத்ததையும் அவரைக் குறிவைத்தே போடும். அடுத்ததும் அவருக்கே. பத்து நிமிடத்தில் அவருடைய கை மட்டுமல்ல, ஸ்மாஷும் தளர்ந்துவிடும். குரெக்குக்கு இது மறுபடி மறுபடி நடந்தது. அடிக்கும் கை அபாரமானது. அதை வேலை செய்யவிடாமல் எதிரணிகள் அவருடைய முன்கைகளைத் தாக்கின.

யுனிவர்சல் என்று நம் ஆட்டக்காரர்கள் சொல்கிற இடம் வேறு. செட்டருக்கு நேர் எதிர் மூலையில் சுழன்று வருபவர். ரிசீவ் வரிசையில் அவர் நிற்பதில்லை. அவருக்கு வேலை ஒன்றே: அடிப்பது. முன்வரிசையில் இருந்தால் வலப்பக்கத்திலிருந்து, பின்வரிசைக்குப் போனால் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து தாவி. கேட்க எளிது. ஆனால் ரிசீவ் கெட்டுப்போய், செட்டர் எங்கோ ஓடிப்போய் எடுத்து, உயரமாகத் தூக்கிவிடும் பந்துகளில் பெரும்பங்கு இவரிடம்தான் வரும். எதிரே இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் பிளாக்குக்குக் கை நீட்டி நிற்பார்கள். எங்கே வரப்போகிறது என்று அரங்கத்துக்கே தெரிந்த பந்தை அடித்துப் புள்ளியாக்க வேண்டும். 24-24இல் செட்டர் தேடுகிற ஆள் இவர்.

ஸ்க்ராவில் அந்த இடம் மரியுஷ் வ்லாஸ்வியுடையது. பெவ்ஹாதூஃபில் 2003இலிருந்து 2020 வரை ஒரே கிளப்பில் நின்றவர், அந்த ஊரின் நாயகன். அவர் இருக்கும்வரை குரெக் அங்கே யுனிவர்சலாக ஆட வாய்ப்பே இல்லை. பக்கத்து இடத்தில், ரிசீவ் சுமையோடுதான் ஆட வேண்டியிருந்தது.

2014க்கு வருவோம். பயிற்சியாளராக ஸ்டெஃபான் ஆன்டிகா வந்தார். பிரான்ஸ்காரர், அதுவரை ஸ்க்ராவில் ஆடிக்கொண்டிருந்தவர், அதே கிளப்பில் முன்பு குரெக்கோடு தோளோடு தோள் நின்று ரிசீவ் செய்தவர். குரெக்கின் பலமும் பலவீனமும் அவரைவிட நன்றாகத் தெரிந்த பயிற்சியாளர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உலக சாம்பியன்ஷிப் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது அவர் குரெக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். வின்யார்ஸ்கி, குபியாக், மதேயுஷ் மீகா, ரஃபாவ் பூஷெக் ஆகியோரை அட்டாக்கர்களாக வைத்துக்கொண்டார்.

அது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்தத் தொடர் நடந்த விதத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். வார்சாவின் தேசியக் கால்பந்து மைதானத்தில் வலை கட்டி, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் செர்பியாவுக்கு எதிராகத் தொடங்கிய தொடர். போலந்தில் ஒரு வழக்கம் உண்டு: தேசிய கீதத்துக்கு ஒலிபெருக்கி இசை நின்ற பிறகும் கூட்டம் நிறுத்தாது, அடுத்த பத்தியைத் தாங்களே வாய்விட்டுப் பாடுவார்கள். கேட்டால் மயிர்க்கூச்செறியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தன் அணி இறுதிவரை போய், காதோவிட்சேயில் பிரேசிலை 3-1 என்று வீழ்த்தி உலக சாம்பியன் ஆனதைக் குரெக் வெளியே இருந்து பார்க்க நேர்ந்தது. தொடரின் சிறந்த வீரர் வ்லாஸ்வி. போலந்து உலகப் பட்டம் வென்று அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. 26 வயதில் ஒரு விளையாட்டு வீரருக்கு இதைவிடக் கசப்பான நிலை என்ன இருக்க முடியும்?

ஆன்டிகாவின் முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது சீராக ரிசீவ் செய்யும் ஆட்கள். மீகா இறுதிப்போட்டியில் ஆடிய ஆட்டம் அதற்குச் சாட்சி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்ததுதான். உலகப் பட்டத்தோடு வ்லாஸ்வி தேசிய அணியிலிருந்து விலகினார். காலியான யுனிவர்சல் இடத்துக்கு ஆன்டிகா அழைத்தது யாரை? அதே குரெக்கை. கழற்றிவிட்ட கையே மறு ஆண்டு வேறோர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 27 வயதை நெருங்கும் ஒருவர், பதின்வயதிலிருந்து பழகிய இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் போக வேண்டும். ஓட்டத்தின் கோணம் மாறும், பந்து கைக்கு வரும் பக்கம் மாறும், பிளாக் செய்யும்போது எதிரே நிற்கும் ஆள் மாறுவார். குரெக் ஒப்புக்கொண்டார். 2015 உலகக் கோப்பையில் போலந்து 11 ஆட்டங்களில் 10ஐ வென்றும் மூன்றாம் இடமே பிடித்தது. ஒலிம்பிக்ஸ் தகுதி முதல் இரண்டு அணிகளுக்கு மட்டும் என்பதால் அந்த ஒரே தோல்வி பெரும் விலையாகிவிட்டது. ஆனால் யுனிவர்சலாகக் குரெக் நிலைத்துவிட்டார்.

பிறகு ரியோ. மீண்டும் காலிறுதி, அமெரிக்காவிடம் 0-3. அந்த 2016இன் இலையுதிர்காலத்தில் நடந்ததுதான் அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன். ஜப்பானின் ஜேடி தண்டர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்டிருந்தார். சீசன் தொடங்கும் முன்பே, உடலும் மனமும் சோர்ந்துவிட்டன என்று சொல்லி அதிலிருந்து விலகிக்கொண்டார்.

ஐரோப்பியத் தொழில்முறை வாலிபாலின் நாட்காட்டியைப் பார்த்தால் இது ஏன் நடந்தது என்று புரியும். கிளப் சீசன் அக்டோபரில் தொடங்கி மே வரை போகும். அது முடிந்த கையோடு தேசிய அணி முகாம். செப்டம்பர் வரை உலக லீக், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை, ஒலிம்பிக்ஸ் என்று ஏதாவது ஒன்று. முடிந்ததும் மறுபடி கிளப். நட்சத்திர வீரருக்கு ஆண்டில் மூன்று, நான்கு வாரம் ஓய்வு கிடைத்தால் பெரிது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்மாஷ், பிளாக், சர்வீஸ் என்று நூற்றுக்கணக்கான முறை எழும்பி இறங்க வேண்டும். முழங்காலும் முதுகும் அதைத் தாங்க வேண்டும். குரெக் 2007இலிருந்து இப்படியே ஓடியவர். தோல்விகளின் பழியும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுந்தது. அந்தக் காலத்தில், அதுவும் ஆண்கள் விளையாட்டில், மனம் களைத்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்பந்தத்தை விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். அவரை அதற்காகப் பலவீனர் என்று பேசியவர்களும் உண்டு. அந்த நிறுத்தம் இல்லாமல் 2018 இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சில வாரங்கள் கழித்து ஸ்க்ராவுக்கே திரும்பினார். அங்கே வ்லாஸ்வி இன்னும் இருந்ததால் மறுபடி அட்டாக்கர் இடம்தான். அடுத்த ஆண்டு அங்காராவின் ஸிராத் வங்கி கிளப்பில் யுனிவர்சலாகச் சேர்ந்தார். பெரிய கவனம் கிடைக்காத கிளப், தலைப்புச் செய்திகள் இல்லாத சீசன். அதற்குள் போலந்து தேசிய அணி கீழே போயிருந்தது. 2017இல் சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் காலிறுதிக்குக்கூடப் போகாமல் ஸ்லோவேனியாவிடம் தோற்றது. பயிற்சியாளராக இருந்த இத்தாலியர் ஃபெர்தினாந்தோ தே ஜோர்ஜி அதோடு நீக்கப்பட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் பெல்ஜியத்தின் விதால் ஹெய்னன் பயிற்சியாளராக வந்தார். கத்துவார், குதிப்பார், நடுவரோடு வாதாடுவார், ஆட்களை மாற்றி மாற்றி இறக்கிப் பார்ப்பார். குரெக்குக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு தெளிவு: நீதான் என் யுனிவர்சல், அடி. பல்கேரியாவிலும் இத்தாலியிலும் நடந்த அந்த உலக சாம்பியன்ஷிப்பில் போலந்து வென்ற பாதை நேரானது இல்லை. இரண்டாம் சுற்றில் அர்ஜென்டினாவிடமும் பிரான்ஸிடமும் தோற்று, ஏறக்குறைய வெளியேறும் நிலைக்கு வந்து, செர்பியாவை வென்று தப்பித்தார்கள். டுரினில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு செட் எடுத்தாலே அரையிறுதி என்ற நிலை. முதல் செட்டையே எடுத்துவிட்டார்கள். அரையிறுதியில் அமெரிக்காவிடம் 1-2 என்று பின்தங்கி, 3-2 என்று திருப்பினார்கள்.

இறுதிப்போட்டி செப்டம்பர் 30, எதிரே ஒலிம்பிக் சாம்பியன் பிரேசில். 28-26, 25-20, 25-23. மூன்றே செட். குரெக் மட்டும் 24 புள்ளிகள். மூன்று செட் ஆட்டத்தில் 24 என்பது, செட்டுக்கு எட்டு என்பது, எவ்வளவு அரிது என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செட்டர் ஃபாபியான் ஜிஸ்கா, பந்து எப்படி வந்தாலும், அது கெட்டுப்போன பந்தாக இருந்தாலும், வலப்பக்கம் தூக்கிவிட்டார். குரெக்கின் ஸ்மாஷைக் கவனித்தால் ஒன்று தெரியும். முழு பலத்தோடு அடிக்கிற மாதிரி எழும்புவார். ஆனால் பிளாக் நன்றாக மூடியிருந்தால் பந்தைக் கோட்டுக்குள் அடக்கப் பார்க்க மாட்டார். பிளாக்கரின் விரல் நுனிகளைக் குறிபார்த்து மேலே அடித்து, பந்து பின்சுவர்வரை பறக்கும்படி விடுவார். இள வயதுக் குரெக் அந்தப் பந்தைப் பிளாக்குக்குள்ளேயே இடித்திருப்பார். பத்து ஆண்டு பட்டறிவு அந்த விரல் நுனிகளில் தெரிந்தது. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே. அந்த ஆண்டின் போலந்தின் சிறந்த விளையாட்டு வீரராகவும் ஒரு விளையாட்டு நாளிதழின் வாசகர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

உலக சாம்பியன் ஆன சில மாதங்களிலேயே வேலை பறிபோனது என்றால் நம்புவீர்களா? ஷ்செச்சின் நகரில் பெரும் பெயர்களைக் கூட்டிக் கட்டிய புதிய அணியில் சேர்ந்திருந்தார். பல்கேரியாவின் மத்தெய் காசியிஸ்கியும் அங்கே இருந்தார். பணம் வற்றி, 2018 டிசம்பரில் அந்த அணி லீக்கிலிருந்தே விலகியது. குரெக் வார்சா அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்டெஃபான் ஆன்டிகா. நான்கு ஆண்டுக்கு முன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தவரிடமே, உலகின் சிறந்த வீரராகப் போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்தார்கள்; அணி லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் 2019 வசந்தகாலத்தில் குரெக்கின் முதுகு மக்கர் செய்து, அறுவை சிகிச்சை வரை போயிற்று.

இத்தாலியின் மோன்சாவில் ஒரு சீசன் ஆடிவிட்டு 2020இல் ஜப்பானின் வுல்ஃப்டாக்ஸ் நகோயாவுக்குப் போனார். பலர் இதை ஓய்வுக்கு முந்தைய படியாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த லீக்கில் சனி, ஞாயிறு அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருக்கும், ஆனால் ஐரோப்பாவைப் போல வாரநடுவில் விமானம் ஏறி இன்னொரு நாட்டில் கோப்பை ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் அலைச்சல் குறைவு. ஜப்பானியர்களின் தற்காப்பும் சாதாரணமானதில்லை. வலுவாக அடித்தாலும் எங்கிருந்தோ ஒரு கை வந்து எடுத்துவிடும். ஒரு புள்ளிக்கு மூன்று, நான்கு முறை அடிக்க வேண்டியிருக்கும். அடிப்பதில் பொறுமை வேண்டியவருக்கு நல்ல பள்ளிக்கூடம். 2022-23 சீசனில் அந்த அணி ஜப்பான் சாம்பியன் ஆனது.

தேசிய அணியில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மறுபடி வலித்தது. கியூபாவில் பிறந்து போலந்துக் குடியுரிமை பெற்ற வில்ஃப்ரெதோ லெயோனும் அணியில் சேர்ந்துவிட்டார், உலக சாம்பியன்கள், காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 2-1 முன்னிலை. அங்கிருந்து தோற்றார்கள். பிரான்ஸ் தங்கம் வென்றது. ஹெய்னன் போய், செர்பியாவின் நிகோலா கிர்பிச் வந்தார், கேப்டன் பட்டையைக் குரெக்கிடம் கொடுத்தார். 2022 உலக சாம்பியன்ஷிப் இறுதி காதோவிட்சேயில், எட்டு ஆண்டுக்கு முன் அவர் இல்லாமல் போலந்து வென்ற அதே அரங்கில் நடந்தது. முதல் செட்டை எடுத்தும் இத்தாலியிடம் 1-3. இத்தாலியின் பயிற்சியாளர், 2017இல் போலந்து வீட்டுக்கு அனுப்பிய தே ஜோர்ஜி. அந்தத் தொடரின் சிறந்த யுனிவர்சல் விருது குரெக்குக்குக் கிடைத்தது. அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

2023இல் போலந்து நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றது. அந்தக் கோடையில் உடம்பு ஒத்துழைக்காததால் குரெக்கின் இடத்தில் பெரும்பங்கு சுமையைத் தாங்கியவர் வுகாஷ் காச்மாரெக். அவருக்குரிய பெருமையை அவருக்கே கொடுக்க வேண்டும்.

2024 பாரிஸில் காலிறுதியை ஒருவழியாகத் தாண்டினார்கள். ஸ்லோவேனியாவை வென்று அரையிறுதி, எதிரே அமெரிக்கா. மூன்றாவது செட் 14-25. ஆட்டம் கைவிட்டுப் போனதுபோல்தான் இருந்தது. லிபரோ சாதோர்ஸ்கிக்கு அடி, செட்டர் யானுஷுக்குக் காயம். மாற்று செட்டர் வோமாச் உள்ளே வந்தார். நான்காவது 25-23, ஐந்தாவது 15-13. இறுதியில் பிரான்ஸ் 3-0 என்று வென்றது, அதில் போலந்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 1976 மான்ட்ரியல் தங்கத்துக்குப் பிறகு, 48 ஆண்டுகள் கழித்து, போலந்து ஆண்கள் வாலிபாலுக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம். கேப்டனுக்கு அந்த மாதம் 36 நிறைந்தது. அதன் பிறகு, தான் வளர்ந்த கெஞ்ஜெஷினுக்கே திரும்பி ஒரு சீசன் ஆடினார். 2025இல் மறுபடி ஜப்பான், டோக்கியோ கிரேட் பியர்ஸ்.

இரண்டாவது கேள்வி: போலந்தின் மிகச் சிறந்த வீரர் இவரா? நான் தோமாஷ் வோய்தோவிச்சைத்தான் முதலில் வைப்பேன். 1974 உலகப் பட்டம், 1976 ஒலிம்பிக் தங்கம் இரண்டிலும் ஆடியவர், பின்வரிசையிலிருந்து தாவி அடிப்பதை உலகத்துக்குக் காட்டிய முன்னோடிகளில் முக்கியமானவர். இன்று யுனிவர்சல் என்ற இடமே அந்த அடியை நம்பித்தான் இருக்கிறது; குரெக் சம்பாதித்த புள்ளிகளில் பாதி அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவை. ஒரே கிளப்புக்கான விசுவாசம், சீரான ஆட்டம் என்று பார்த்தால் வ்லாஸ்வி. தேசிய அணிக்காக நீண்ட காலம் உழைத்தது, விழுந்து எழுந்தது, பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டது என்று பார்த்தால் குரெக்குக்கு இணையாக எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. லெயோன் திறமையில் இவர்கள் எல்லோரையும்விட மேலானவர் என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அவருடைய கதை கியூபாவில் தொடங்கியது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், 2018 இறுதிப்போட்டியின் முதல் செட். பந்தைப் பின்தொடராமல் போலந்தின் 6ஆம் எண்ணை மட்டும் பாருங்கள்: எதிரணி சர்வீஸ் போடும்போது ரிசீவ் வரிசையை விட்டு அவர் எங்கே ஒதுங்கி நிற்கிறார், பந்து செட்டர் கைக்குப் போகும்முன் எத்தனை எட்டு எடுத்துவைத்திருக்கிறார் என்று. அடுத்து 2012 உலக லீக் இறுதியை எடுத்து, அதே ஆள் இடப்பக்கத்தில் ரிசீவும் செய்துகொண்டு ஆடுவதைப் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மேலே நான் எழுதியதில் பாதி தேவைப்படாது. நேரம் இருந்தால் 2024 அரையிறுதியின் நான்காவது, ஐந்தாவது செட்டுகள். அதில் குரெக்கோடு சேர்த்து வோமாச்சையும் கவனியுங்கள்.